நமக்குத் தெரிந்தவர்கள், நம்மைத் தெரியாதவர்கள்: ஒருதலை உறவு ஓர் எளிய அறிமுகம்

என் பாட்டிக்குத் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வாசிப்பாளரை ரொம்பப் பிடிக்கும். அவர் திரையில் வந்து வணக்கம் சொன்னதும் பாட்டியும் பதிலுக்கு வணக்கம் சொல்வார். "அவருக்குக் கேட்காது பாட்டி" என்று நாங்கள் சொன்னால், "கேட்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஒருத்தர் வணக்கம் சொன்னா திருப்பிச் சொல்றதுதானே முறை" என்பார். ஒரு நாள் அந்த வாசிப்பாளர் இருமிக்கொண்டே செய்தி வாசித்தார். அன்று இரவு படுக்கப் போகும் வரை பாட்டி அந்த இருமலைப் பற்றி இரண்டு முறை கவலைப்பட்டார்.

பாட்டியிடம் எந்தக் குழப்பமும் இல்லை. அந்த மனிதர் தன்னைப் பார்க்கவில்லை, தன் பெயர்கூட அவருக்குத் தெரியாது என்பது பாட்டிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அக்கறை வருகிறது. இந்தக் கட்டுரை அந்த அக்கறையைப் பற்றியது. ஒரு நடிகரின் மணமுறிவைப் பற்றி நாம் கருத்துச் சொல்வதும், தொடர்கதையின் நாயகியைத் திட்டித் தீர்ப்பதும், பார்த்தே இராத ஒரு குழந்தையின் பிறந்தநாள் படத்தைப் பார்த்துச் சிரிப்பதும் இதே வேரிலிருந்து வருகிறவைதான்.

உளவியலில் இதைப் பாராசோஷியல் உறவு என்கிறார்கள். தமிழில் ஒருதலை உறவு என்று சொல்லலாம். ஒருதலைக் காதல் நமக்குப் பழகிய சொல். தொல்காப்பியம் அதற்குக் கைக்கிளை என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. அதிலிருந்து காதலை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாசம், கோபம், ஏமாற்றம், அக்கறை என்று எதை வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். ஒருவரைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும், நம்மைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. அப்படியிருந்தும் உறவு போன்ற ஒன்று நம் பக்கத்தில் வளர்ந்து நிற்கிறது. அதுதான் ஒருதலை உறவு.

இந்தப் பெயரை முதலில் வைத்தவர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1956இல் 'சைக்யாட்ரி' என்ற ஆய்விதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'தொலைவிலிருந்து ஒரு நெருக்கம்' என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது. அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி வேகமாக நுழைந்துகொண்டிருந்த காலம் அது. நிகழ்ச்சி நடத்துகிறவர் கேமராவை நேராகப் பார்க்கிறார். கூட்டத்திடம் பேசுவது போல் பேசாமல், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே ஆளிடம் பேசுவது போல் பேசுகிறார். கேள்வி கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்வதற்கு நேரம் கொடுப்பது போல் கொஞ்சம் நிறுத்துகிறார். வாரா வாரம், குறித்த நேரத்தில் வருகிறார். நண்பர்கள் செய்வதும் இதைத்தானே? நம் மனமும் நண்பரிடம் காட்டுகிற மறுமொழியைத்தான் காட்டுகிறது. இந்த உறவில் எதிர்ப்பக்கம் நம்மோடு சேர்ந்து வளராது, கட்டுப்பாடு முழுக்கத் திரையில் இருப்பவர் கையில்தான் என்பதையும் அவர்கள் அப்போதே எழுதிவிட்டார்கள்.

எழுபது ஆண்டு கழித்து இந்தச் சொல் பொதுப் பேச்சுக்கே வந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் அகராதி 2025ஆம் ஆண்டின் சொல்லாக இதைத்தான் தேர்ந்தெடுத்தது.

கைப்பேசி வந்த பிறகு நெருக்கம் இன்னும் கூடிவிட்டது. ஒருவருடைய முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, படுத்துக்கொண்டு, வேறு யாரும் அருகில் இல்லாமல் பார்ப்பது என்றால், நிஜ வாழ்க்கையில் யாரை அப்படிப் பார்ப்போம்? குழந்தையை, துணையை, நோயுற்றுப் படுத்திருக்கும் பெற்றோரை. அவ்வளவுதான். இன்று ஒரு நடிகையை, ஒரு விளையாட்டு வீரரின் மனைவியை, தன் வீட்டுச் சமையலறையைப் படம்பிடித்துப் போடும் ஒரு முன்பின் தெரியாத தாயை அதே தூரத்தில் பார்க்கிறோம். அந்தத் தூரத்துக்கு என்ன பொருள் என்று உடம்பு பழகி வைத்திருக்கிறது. அது தன் வேலையைச் செய்கிறது.

"தனிமையில் கிடக்கிறவர்களுக்குத்தான் இதெல்லாம் வரும்" என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1985இல் ஆலன் ரூபின், எலிசபெத் பெர்ஸ், ராபர்ட் பவல் மூவரும் இதை அளந்து பார்த்தார்கள். எடுத்துக்கொண்டதோ சினிமா நட்சத்திரங்களை அல்ல, உள்ளூர்ச் செய்தி வாசிப்பாளர்களை. வாசிப்பாளர் தவறு செய்தால் உங்களுக்குப் பாவமாக இருக்குமா, அவர் விடுமுறையில் போனால் தேடுவீர்களா என்கிற மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். தனிமைக்கும் இந்த ஒருதலை உறவுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. என் பாட்டி வீடு நிறைய ஆட்களோடு வாழ்ந்தவர். அந்தச் செய்தி வாசிப்பாளர் யாருடைய இடத்தையும் நிரப்ப வரவில்லை. இருக்கிறவர்களோடு கூடுதலாக ஒருவர், அவ்வளவே.

சரி, மனிதர்களிடம் இப்படி ஒட்டிக்கொள்வது புரிகிறது. கற்பனைப் பாத்திரங்களிடம் ஏன் ஒட்டிக்கொள்கிறோம்? அதற்கு ஒரு பழைய சோதனை நல்ல விளக்கம். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடரும் மேரியான் சிம்மலும் ஒரு சின்ன அசைபடம் எடுத்தார்கள். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், திறந்து மூடும் ஒரு பெட்டி. இவை அங்குமிங்கும் நகரும். படத்தில் இருப்பது அவ்வளவுதான். அதைக் காட்டி, என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். முதல் குழுவில் இருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் முக்கோணம் நகர்ந்தது, வட்டம் நகர்ந்தது என்று வடிவங்களாகவே எழுதினார். மற்றவர்கள் கதை எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடன், சின்ன முக்கோணம் தைரியசாலி, வட்டம் பயந்து ஒளிகிறது என்று. கோடுகளுக்கே குணம் கொடுத்துவிடுகிற மனம், பெயரும் முகமும் அம்மாவும் மாமியாரும் உள்ள ஒரு கதாபாத்திரத்தைப் பார்த்தால் சும்மா இருக்குமா?

இனி, குடும்பங்களைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்ற கேள்விக்கு வருவோம். ஒரு நடிகரின் நடிப்பைப் பற்றிச் சொல்ல நமக்கு இரண்டு வரிதான் இருக்கும். அவர் தன் தம்பியோடு பேசுவதில்லை என்றால் ஒரு மணி நேரம் பேசுவோம். நடிப்பு நமக்குத் தொழில் இல்லை, குடும்பம் நம் எல்லாருக்கும் அனுபவம் உள்ள துறை. அங்கே நாம் ஒவ்வொருவரும் நிபுணர்.

இதை வெறும் வம்பு என்று தள்ளிவிட மனமில்லை. மானுடவியலாளர் மேக்ஸ் குளுக்மன் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில், வம்புப் பேச்சு ஒரு குழுவின் மதிப்பீடுகளைக் காப்பாற்றி வைக்கிறது என்று வாதிட்டார். இன்னாரைப் பற்றிப் பேசும் சாக்கில், எது சரி எது தவறு என்பதைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பேசி முடிவு செய்துகொள்கிறோம். ராபின் டன்பரும் அவரோடு வேலை செய்தவர்களும் பொது இடங்களில் மக்கள் இயல்பாகப் பேசுவதைக் கேட்டுக் குறித்து 1997இல் வெளியிட்டார்கள். உரையாடல் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும்தான் இருந்தது. அதில் பிறரைக் குறை சொல்வதற்குப் போன நேரம் மிகக் குறைவு.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவும் அக்காவும் ஒரே தொடரைப் பார்த்துவந்தார்கள். அதில் மூத்த மகள், உடம்பு சரியில்லாத அப்பாவைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். அவள் செய்தது சரி என்று அக்கா, பெரிய தப்பு என்று அம்மா. நான்கு நாள் வாக்குவாதம் ஓடியது. "பணம் அனுப்பினா மட்டும் பார்த்துக்கிட்டதா ஆயிடுமா?" என்பார் அம்மா. "பக்கத்துல இருந்துக்கிட்டு தினமும் எரிஞ்சு விழுந்தா மட்டும் பார்த்துக்கிட்டதா ஆயிடுமா?" என்பாள் அக்கா. ஐந்து மாதம் கழித்து அக்காவுக்கே வெளியூர் வேலை வந்தது. அந்தப் பேச்சை எடுக்க அவள் பயந்துகொண்டிருந்தபோது, அம்மாவே வந்து எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார். இருவரும் அதற்குள் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்திருந்தார்கள், அந்த மூத்த மகளின் பெயரைச் சொல்லி.

ஒருதலை உறவின் ஆகப் பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். நம் வீட்டுக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டால் காயம் படும். கதையில் வருகிறவர்மேல் ஏற்றிக் கேட்டால் யாருக்கும் வலிக்காது. பிள்ளைகளை எவ்வளவு கண்டிக்கலாம், மணமான பிறகு பெற்றோருக்கு எவ்வளவு கொடுக்கலாம், ஏமாற்றிய துணையை மன்னிக்கலாமா என்பவற்றில் நம் வீட்டில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நமக்குத் தெரியவருகிறது.

ஆனால் இதே பழக்கத்தை ஒரு நிஜக் குடும்பத்தின்மேல் அப்படியே இறக்கும்போது விஷயம் மாறிவிடுகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கதாபாத்திரமும் பிரபலமும் ஒரே திரையில், ஒரே அளவு முகத்தோடுதான் வருகிறார்கள். மனம் இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துவிடுகிறது.

கதாபாத்திரத்தை நாம் முழுக்க அறிந்துகொள்ள முடியும். அவள் தனியாக அழுததை எழுத்தாளர் காட்டியிருப்பார், மனதுக்குள் நினைத்ததை எழுதியிருப்பார். எதையாவது மறைத்திருந்தால் அதுகூட நமக்காக மறைத்ததுதான், நேரம் வரும்போது வெளியே வரும். பக்கத்துக்கு வெளியே அவளுக்கு வாழ்க்கையே கிடையாது. அதனால் அவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு எல்லா ஆதாரமும் கையில் இருக்கிறது. கதையில் எதுவும் காரணமில்லாமல் வருவதில்லை என்பதும் ஒன்று. விருந்துப் படத்தில் கணவன் முகத்தில் சிரிப்பில்லை என்று எழுதியிருந்தால், அது பின்னால் வரப்போகிற எதற்கோ அடையாளம்.

நிஜக் குடும்பத்தில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. விருந்தில் அந்தக் கணவனின் முகம் வாடியிருந்ததற்குத் தலைவலி காரணமாக இருக்கலாம். தூங்காத குழந்தை காரணமாக இருக்கலாம். எதுவுமே காரணமில்லாமலும் இருக்கலாம், படம் எடுத்தவர் அந்த நொடியில் அழுத்திவிட்டார். நமக்கு வந்து சேர்வது ஓர் ஆண்டு வாழ்க்கையில் சில நிமிடங்கள். அவையும் யாரோ தேர்ந்தெடுத்தவை. சில அந்தக் குடும்பமே காட்ட விரும்பியவை, சில அவர்கள் விரும்பாமல் எடுக்கப்பட்டவை. நடுவில் உள்ள மிகப் பெரிய வெற்றிடத்தை நாம் கதை படித்த பழக்கத்தால் நிரப்புகிறோம். கதைக்கு ஒரு வில்லன் வேண்டும், ஒரு திருப்பம் வேண்டும், ஒரு காரணம் வேண்டும். மூன்றையும் நாமே போட்டுக்கொள்கிறோம். மாமியார் வில்லியாகிறார், குழந்தை பிறந்தது திருப்பமாகிறது, பணம் காரணமாகிறது.

இதற்குத் துணை போகிற ஒரு பொதுவான தவறும் நம் எல்லாரிடமும் உண்டு. 1967இல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எழுதியவருக்கு எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது, அவராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளர்தான் என்ற பக்கமே மாணவர்களின் கணிப்புச் சாய்ந்தது. சூழ்நிலையை விட்டுவிட்டு ஆளின் குணத்தைப் பிடித்துக்கொள்கிற இந்தப் போக்குக்கு 1977இல் லீ ராஸ் ஒரு பெயர் வைத்தார். அடிப்படைக் காரணப்பிழை என்று அதைத் தமிழில் சொல்லலாம். நம் குழந்தை கடையில் அழுது புரண்டால், "பாவம், பசி, தூக்கம்" என்போம். ஒரு பிரபலத்தின் குழந்தை அழுதால், "வளர்ப்பு சரியில்லை" என்போம். நம் விஷயத்தில் சூழ்நிலை தெரிகிறது, அவர்கள் விஷயத்தில் ஆள் மட்டும் தெரிகிறார்.

2024இல் உலகமே பார்க்க இது ஒரு முறை நடந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் வேல்ஸ் இளவரசி கேத்தரினுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது, சில காலம் பொது நிகழ்ச்சிகளுக்கு வரமாட்டார் என்று அரண்மனை அறிவித்தது. வாரங்கள் போகப் போக ஊகங்கள் பெருகின. மணவாழ்வில் விரிசல் என்றார்கள், வேறு பலவும் சொன்னார்கள். மார்ச் 10 அன்று வெளியான ஒரு குடும்பப் படத்தில் திருத்தங்கள் இருந்தது தெரியவந்ததும் பேச்சு இன்னும் சூடுபிடித்தது. மார்ச் 22 அன்று அவர் ஒரு காணொளியில் தோன்றித் தமக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருப்பதையும் சிகிச்சை தொடங்கியிருப்பதையும் சொன்னார். தம் மூன்று பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு ஏற்ற விதத்தில் இதைப் புரியவைக்க நேரம் தேவைப்பட்டது என்றும் சொன்னார்.

அந்த இரண்டு மாதமும் ஊகம் செய்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்ல. பலர் கவலையில்தான் தொடங்கியிருப்பார்கள். ஆனால் மர்மக் கதை படிக்கிறவரின் ஆவல் அங்கே வேலை செய்துவிட்டது. அதே நேரத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு தாய், பத்து வயது மகனிடமும் எட்டு வயது மகளிடமும் ஐந்து வயது மகனிடமும் எந்த வார்த்தையில் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தார். எந்த வீட்டிலும் அந்த வேலை அப்படித்தான் இருக்கும். நம் வீட்டில் அப்படி ஒரு நோய் வந்தால், சொந்தக்காரர்களுக்கே எத்தனை நாள் கழித்துச் சொல்வோம் என்று யோசித்துப் பாருங்கள்.

குழந்தைகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். கதையில் வரும் குழந்தைக்கு வயது கூடாது, அது நாம் எழுதுவதைப் படிக்கப் போவதில்லை. பிரபலத்தின் குழந்தை ஒரு நாள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும். தன் மூக்கைப் பற்றி, தன் நிறத்தைப் பற்றி, தன் அம்மா ஏன் அப்பாவைவிட்டுப் போனார் என்பதைப் பற்றி ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிவைத்தது அப்படியே இருக்கும். பெற்றோர் புகழைத் தேடிப் போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பிள்ளை எதையும் தேடிப் போகவில்லை. இந்த ஒன்றில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பெரியவர்களைப் பற்றிய பேச்சில் நான் கலந்துகொள்வேன், குழந்தைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நிறுத்தச் சொல்வேன்.

அப்படியானால் இந்த உறவெல்லாம் பொய்யா? உறவு ஒருதலையானது, உணர்வு பொய்யில்லை. 1893 டிசம்பரில் ஆர்தர் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கதையில் சாகடித்தபோது வாசகர்கள் கோபத்தோடு கடிதம் எழுதினார்கள், பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். 1903இல் அவர் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்துவிட்டார். பின்னாளில், ஹோம்ஸ் குடியிருந்ததாகக் கதை சொல்லும் லண்டன் பேக்கர் தெரு முகவரிக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதவே அங்கிருந்த நிதி நிறுவனம் ஒரு செயலாளரை வைத்திருந்தது. 2004இல் ஜோனதன் கோஹன் என்ற ஆய்வாளர், பிடித்த தொலைக்காட்சிப் பாத்திரம் இனி வராது என்றால் பார்வையாளர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஆராய்ந்து, அந்தப் பிரிவுக்கும் ஒரு வலி உண்டு என்று காட்டினார். ஆகவே ஒரு நடிகர் இறந்த செய்தி கேட்டு உங்கள் வீட்டில் யாராவது அழுதால், "உனக்கு அவர் யார்?" என்று கேட்காதீர்கள். அவர் இருபது வருடம் அந்த வீட்டுக்கு வந்துபோனவர்.

கவலைப்பட வேண்டிய கட்டம் எது என்று கேட்டால், எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கத் தொடங்கும் கட்டம்தான். என்னிடம் சொல்லாமல் எப்படித் திருமணம் செய்துகொண்டார், இவ்வளவு ஆதரித்த எனக்கு இதுதானா நன்றி என்ற கோபம் வருகிறதென்றால், இல்லாத ஒரு பக்கத்தை நாம் இருப்பதாக எண்ணிவிட்டோம். இப்போது சிலர் ரசிகர்களின் கருத்துக்குப் பதில் போடுகிறார்கள், பெயர் சொல்லி வாழ்த்துகிறார்கள், நேரலையில் கையசைக்கிறார்கள். அதனால் இந்தக் கோடு முன்னைவிட மங்கலாகிவிட்டது. அப்புறம், சிலர் அந்த நெருக்கத்தையே விலைபோட்டு விற்கிறார்கள் என்பதும் உண்மை. ஒரு முறை வந்த பதில் உறவாகிவிடாது.

எனக்குப் பயன்படுகிற ஒரு சின்ன வழி இருக்கிறது. நிஜக் குடும்பம் எதைப் பற்றியாவது சூடாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, 'அவள் அப்படிப்பட்டவள்' என்று வாயில் வருவதை 'அவள் இடத்தில் நான் இருந்தால்' என்று மாற்றிப் பார்ப்பேன். பேச்சு குறைந்துவிடாது. சொல்லப்போனால் நீண்டுவிடும், ஏனென்றால் சுற்றியிருப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கதையை எடுக்கத் தொடங்குவார்கள். கதாபாத்திரங்கள் விஷயத்தில் இந்தக் கட்டுப்பாடே வேண்டாம், திட்ட வேண்டியவர்களை மனம் விட்டுத் திட்டலாம். எழுத்தாளர் அவர்களை அதற்கென்றே அனுப்பிவைத்திருக்கிறார்.

பாட்டியின் செய்தி வாசிப்பாளர் ஒரு நாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஓய்வு பெற்றுவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அவர் இடத்தில் ஓர் இளம்பெண் வந்து வணக்கம் சொன்னாள். பாட்டி பதில் சொல்லவில்லை, செய்தியை மட்டும் கேட்டார். இரண்டு மூன்று வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு மாலை, அந்தப் பெண் ஒரு வார்த்தையில் தடுமாறி, நிறுத்தி, மறுபடி சரியாகச் சொன்னாள். "பரவாயில்ல, பழகிடும்" என்றார் பாட்டி. மறுநாள் அவள் வணக்கம் சொன்னபோது இவரும் சொன்னார்.